ஓரத்துச் சிப்பாயின் ஒரு கட்டம்

தோற்றவருக்குக் கை கொடுக்கும்போதே எதிராளி காரணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

"அந்த ஓரத்துச் சிப்பாய்தான் சார். அதை ஒரு கட்டம் தள்ளினீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மூச்சே வந்துச்சு. நேரா அடிச்சிருந்தீங்கன்னா நான் காலி."

சொன்னவர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, ஜெயித்தவர்களுக்கு வருகிற பெருந்தன்மையோடு சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு லிப்ட் மெக்கானிக். தலையை ஆட்டினார், காய்களை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் நிறுத்தி வைத்தார், ஆட்டத்தைக் குறித்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போட்டி ஹாலை விட்டு வெளியே வந்தார். தோற்ற ஆட்டத்தின் காய்களையும் சரியாக அடுக்கி வைத்துவிட்டு வருகிற ஆள் அவர்.

வெளியே படிக்கட்டில் பஸ் டிரைவர் காத்திருந்தார். ஒரே சதுரங்க மன்றத்தின் ஆட்கள் இருவரும். மன்றத்தின் அணியில் வலுவான ஆட்டக்காரர் உட்காருகிற முதல் பலகை மெக்கானிக்குக்கு, இரண்டாம் பலகை டிரைவருக்கு. வயதில் டிரைவர் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"என்னடா பூட்டு, அடிக்க வேண்டிய நேரத்துல ஜன்னலைத் திறந்து வச்சுக் காத்து வாங்கிட்டு இருந்தியாமே?"

"யார் சொன்னா?"

"ஹால் முழுக்க அதான் பேச்சு. காபி ஊத்தறவன்கூடச் சொல்றான்."

பூட்டு என்ற பட்டப்பெயரும் டிரைவர் வைத்ததுதான். லிப்ட் வேலைக்குப் போனால் மெக்கானிக் முதலில் மோட்டார் அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைப்பார். தன்னுடைய சொந்தப் பூட்டை அதில் மாட்டிப் பூட்டுவார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொள்வார். பிறகு கீழே வந்து லிப்ட்டைக் கூப்பிடும் பொத்தானை அழுத்திப் பார்ப்பார். அது அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். ஆட்டத்திலும் அப்படியே. எதிரியின் மேல் பாய்வதற்கு முன்னால் தன் ராஜாவைப் பத்திரம் செய்துகொண்டுதான் பாய்வார். அன்றைக்கும் அதைத்தான் செய்தார். ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினார். ராஜா தப்பித்துப் போக ஒரு ஜன்னல் திறந்தது. அதற்கு அடுத்த அடியில் பாய்ந்தார். பாய்ச்சல் பிசுபிசுத்துப் போய்த் தோற்றார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத," என்றார் டிரைவர், வீடு திரும்பும் பஸ்ஸில் பயணியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து. "நீ ஆட்டம் தெரியாத ஆள் இல்ல. உனக்குப் பயம். பயந்தவன் முதல் பலகையில உக்காரக் கூடாது."

"நீங்க உக்காரணும்னு சொல்லுங்கண்ணே. சுத்தி வளைக்காதீங்க."

"சரி, நான் உக்காரணும். போதுமா?"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் மெக்கானிக்குக்குச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அவர்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த ஆட்டத்தை யாரும் அங்கே காட்டிப் பெருமை அடித்துக்கொள்ள முடியாது. தோற்றவர்தான் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுவர்ப் பலகையின் முன்னால் நின்று, தன் ஆட்டத்தை முதல் அடியிலிருந்து எல்லோருக்கும் நடத்திக் காட்ட வேண்டும். எந்த அடியில் தோற்றோம், ஏன் அதை ஆடினோம் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதுவரை கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. சொந்த மூளையால் கண்டுபிடித்துச் சொன்ன பிறகுதான் கம்ப்யூட்டரைப் போட்டு ஒத்துப் பார்ப்பார்கள். மன்றத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் பலர் இந்த ஒரு வழக்கத்துக்குப் பயந்தே இரண்டாம் வாரம் காணாமல் போய்விடுவார்கள்.

இந்த முறை அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் இதே கல்லூரிக்காரரின் மன்றத்தோடு அணிப் போட்டி. யார் எந்தப் பலகை என்று அன்றைக்கே முடிவாகும். டிரைவர் பஸ்ஸில் கேட்டதை மன்றத்திலும் கேட்பார். அதில் தவறு ஒன்றும் இல்லை. கேட்கிற உரிமை அவருக்கு உண்டு.

மெக்கானிக்கை உறுத்தியது பலகை மட்டும் அல்ல. ஓரத்துச் சிப்பாய் தவறு என்றால் அவர் ஆடுகிற விதமே தவறு. ஒரு ஆட்டத்தில் சறுக்கினால் அடுத்த ஆட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம். கையோடு வளர்ந்த பழக்கம் தவறு என்றால் எதை மாற்றுவது, எங்கே ஆரம்பிப்பது?

வீட்டில் அக்கா கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சலவைக்கடையில் நாள் முழுவதும் அதே வேலைதான். இருந்தாலும் வீட்டுத் துணியைக் கடையில் கொடுக்க மாட்டாள். அடுத்தவர் மடிப்பில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. தம்பி செருப்பைக் கழற்றிய சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"சாப்பிட்டியா?"

"ம்."

"பொய் சொல்லாத. தோத்த அன்னிக்கு நீ வெளிய சாப்பிட மாட்ட. உக்காரு."

அக்காவின் கணவர், தபால்காரர், நாற்காலியில் சாய்ந்து கால்களை நீட்டியிருந்தார். நடந்து நடந்து தேய்ந்த கால்கள். மாலையில் அவை இன்னொரு நாற்காலியின் மேல்தான் இருக்கும்.

"என்ன மாப்ள, எதிரி வீட்டு வாசல் வரைக்கும் போய்க் கதவைத் தட்டாம வந்துட்டியாமே?"

"உங்களுக்கு யார் மாமா சொன்னா?"

"டிரைவர் போன் பண்ணார். உன்னைத் தனியா விட வேண்டாம்னார். பாவம், பாசம்."

"பாசமா? முதல் பலகை அவருக்கு வேணும்."

"அதுவும் பாசம்தான். பலகை மேல." மாமா காலை மாற்றிப் போட்டார். "கல்யாணத்தையும் நீ இப்படித்தான் பண்ண. பொண்ணு பாத்து, பேசி, எல்லாம் கூடி வந்தப்ப, ஒரு நிமிஷம், வேலை நிரந்தரமாகட்டும்னு சொன்ன. அந்தப் பொண்ணுக்கு இப்ப ரெண்டு பசங்க."

"வாயை மூடிக்கிட்டு இருங்க கொஞ்சம்," என்றாள் அக்கா, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு. "டேய், நீ சொல்லு. எதால தோத்த?"

"ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினதால."

"அவ்வளவுதானா? அதுக்கா இப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வர?"

அவளுக்குக் காய்களின் பெயர் தெரியும், எது எப்படிப் போகும் என்பது பாதி தெரியும். ஆனால் தம்பியின் தோல்விகளை அவள் தேதிவாரியாகச் சொல்லுவாள். அன்றைக்கே சாப்பாட்டு மேஜையைத் துடைத்துத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாள். அந்த வாரம் முழுவதும் மேஜையில் பலகைதான் இருக்கும், மற்றவர்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட வேண்டும் என்று அறிவித்தாள். மாமா ஆட்சேபித்தார். ஆட்சேபணை தள்ளுபடியானது.

திங்கட்கிழமை சாயங்காலம் மெக்கானிக் அந்த நிலையைப் பலகையில் அடுக்கினார். சிப்பாயைத் தள்ளுவதற்குச் சற்று முன்னால் காய்கள் எப்படி நின்றனவோ அப்படி.

அவருடைய பிஷப் பலகையின் நடுவிலிருந்து மூலைவாக்கில் எதிரி ராஜாவின் வாசல் சிப்பாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. போட்டியில் அவர் போட்ட திட்டம் இது: பிஷப் அந்தச் சிப்பாயை வெட்டி ராஜாவுக்கு முற்றுகை கொடுக்கும். ராஜா பிஷப்பை வெட்டித்தான் ஆக வேண்டும். உடனே குதிரை பாய்ந்து மறுபடி முற்றுகை. ராஜா பின்வாங்கும். ராணி ஓரத்துக்கு வந்து நிற்கும். அதன் பிறகு, பிஷப் செத்த அதே கட்டத்தில் ராணி போய் உட்கார்ந்தால் கதை முடிந்தது. ஒரு பிஷப்பைக் காவு கொடுத்து ராஜாவைப் பிடிக்கிற கணக்கு. சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறுகிற கணக்கு.

"அக்கா, கொஞ்சம் எதிர்ல வந்து உக்காரு."

"எனக்கென்ன தெரியும்?"

"நான் சொல்றதை நகர்த்தினா போதும். நீதான் அந்தக் கல்லூரிக்காரர்."

"அப்ப மரியாதையாப் பேசு," என்று சொல்லி அக்கா எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

எல்லோரும் சொன்னபடியே இந்த முறை சிப்பாயைத் தொடவில்லை. நேராக அடித்தார். பிஷப் வெட்டியது. அவர் சொன்னபடி அக்கா ராஜாவால் பிஷப்பை வெட்டினாள். குதிரை. ராஜா பின்னால். ராணி. அடுத்த அடியில் ராஜா மாட்டப்போகிறது. இப்போது எதிராளியின் முறை.

மெக்கானிக் எதிராளிக்கு எது நல்லது என்று தேடினார். ராஜாவை ஓட வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. குதிரையைக் கொண்டுவந்து பார்த்தார், எட்டவில்லை. பிறகு அவர் கண் பலகையின் மறுகோடிக்குப் போனது. எதிரியின் யானை, குறுக்கே ஒரு காயும் இல்லாத நீண்ட வரிசையின் தலையில் நின்றது. அவர் தன் வீட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தார். அவருடைய யானை முன்னேறிப் போய்விட்டது. ராணியும் இப்போதுதான் ஓரத்துக்குக் கிளம்பிப் போனது. காவலுக்கு ஆள் இல்லை. ராஜா மூன்று சிப்பாய்களுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் இருப்பதைப் போல நின்றது.

"அக்கா, அந்த யானையை நேரா கீழ இறக்கு. என் ராஜா நிக்கிற வரிசை வரைக்கும்."

அக்கா இறக்கினாள். "இப்ப?"

"இப்ப நான் செத்தேன்."

"ஐயோ!" அவள் கையை எடுத்துவிட்டாள். "நீ சொல்லித்தானேடா வச்சேன்?"

ராணியைத் திரும்பக் கூப்பிட்டுக் குறுக்கே நிறுத்திப் பார்த்தார். யானை அதையும் வெட்டிக்கொண்டு ராஜாவை மாட்டியது. வேறு வழி இல்லை. நேராக அடித்திருந்தால் அவர் இன்னும் சீக்கிரம் தோற்றிருப்பார், இன்னும் கேவலமாக. ஓரத்துச் சிப்பாயைத் தள்ளியிருந்தால் யானை வந்து இறங்கும்போது ராஜா அந்த ஜன்னல் வழியாக நழுவியிருக்கும்.

"சிப்பாய் சரிக்கா," என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "அதைத் தள்ளினது சரி. எல்லாரும் தப்பா சொல்றாங்க."

"அப்ப நீ தோக்கலையா?"

"தோத்தேன். ஆனா இதால இல்ல."

"அப்பாடா," என்றாள் அக்கா, என்னவோ பாதி ஜெயித்துவிட்ட மாதிரி. அப்போதே சலவைக்கடையில் பக்கத்து மேஜைக்காரிக்குப் போன் போட்டுச் சொல்லக் கிளம்பியவளை மெக்கானிக்தான் பிடித்து நிறுத்தினார். சந்தோஷப்படுவதற்கு அவருக்கும் பயமாக இருந்தது. தோற்றவன் தனக்குச் சாதகமாக ஒன்றைத் தேடினால் அது எப்படியும் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையும் அதே நிலையை அடுக்கி, தனக்கு எதிராக வாதாடுகிறவரைப் போல ஒவ்வொரு வழியையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யானை இறங்கிக்கொண்டே இருந்தது. ராஜா செத்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை அடுத்த அடிக்கு வந்தார். சிப்பாயைத் தள்ளிய பிறகு எதிராளி என்ன ஆடினார்? தன் பிஷப்பைப் பலகையின் விளிம்புக்கு ஒதுக்கினார். விளிம்பிலிருந்து அது மெக்கானிக்கின் பிஷப்பை மூலைவாக்கில் முறைத்தது. நீயும் நானும் வெட்டிக்கொண்டு போய்விடலாமா என்று கேட்பதைப் போன்ற ஒரு அடி. போட்டியில் அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவருடைய பிஷப் அடுத்த அடியில் சாகப்போகிற பிஷப். இல்லாமல் போகப்போகிறதோடு பேரம் பேச வருகிறாரே என்று நினைத்து, உடனே பாய்ந்தார்.

பிஷப் வெட்டியது, குதிரை பாய்ந்தது, ராணி ஓரத்துக்கு வந்தது. அப்போது விளிம்பில் நின்ற எதிரி பிஷப் சறுக்கிக்கொண்டு வந்து, மெக்கானிக்கின் பிஷப் காலி செய்துவிட்டுப் போன அதே கட்டத்தில் உட்கார்ந்தது. அங்கிருந்து அதே மூலைவாக்கு வழியாக, ராணி உட்கார வேண்டிய கட்டத்தைக் காவல் காத்தது. அவ்வளவுதான். காவு கொடுத்த பிஷப் போனது போனதுதான்.

தவறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பாயாமல், கேட்டபடி பிஷப்பை மாற்றிக்கொண்டு போயிருந்தால் அவர் கை கொஞ்சம் ஓங்கித்தான் இருந்திருக்கும். ஆனால் ஏன் பார்க்கவில்லை? சிப்பாயைத் தள்ளுவதற்கு முன்னால் நெடுநேரம் உட்கார்ந்து பாய்ச்சலின் கடைசிவரை கணக்குப் போட்டவர் அவர். பிஷப் விளிம்புக்கு வந்த பிறகோ, எதிராளி கடிகாரத்தை அமுக்கிய கை மேஜையை விட்டுப் போவதற்குள் ஆடிவிட்டார். கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். மன்றத்தில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்லுவார்கள், யாரும் மேலே கேட்கமாட்டார்கள். ஆனால் அவர் கவனக்குறைவான ஆள் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

"கவனக்குறைவுன்னு சொல்லிட்டுப் போயேன்டா," என்றாள் அக்கா, தம்பியின் கையில் தட்டைத் திணித்துக்கொண்டே.

"அது பொய்க்கா."

"நீ கழுவின டம்ளரை மறுபடி முகர்ந்து பாக்கிற ஆளு. உன்னைப் போய்க் கவனக்குறைவுன்னு நான் சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா ஊருக்கு ஏதாவது சொல்லணுமே."

வெள்ளிக்கிழமை ஒரு அலுவலகக் கட்டடத்தில் வேலை. லிப்ட் கூண்டு மாடிகளில் நிற்கும்போது ஒரு குலுக்கல் வருகிறது என்று புகார். மெக்கானிக் மோட்டார் அறைக்குப் போனார். சுவிட்சை அணைத்தார், பூட்டினார், சாவியைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார், லிப்ட்டைக் கூப்பிடும் பொத்தானை அழுத்திப் பார்த்தார், லிப்ட் குழிக்குள் இறங்கினார். கூண்டின் கூரை மேல் நின்று, இரும்புக் கயிறுகள் கூண்டோடு சேர்கிற இடத்தை விளக்கடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு கயிறு மற்றவற்றை விடக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. எதை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார். அதற்குள் காவலாளி மேலிருந்து குரல் கொடுத்தார்.

"சார், டீ வந்திருக்கு. ஆறிடப் போவுது."

மேலே ஏறி வந்து டீ குடித்தார். காவலாளி தன் மகளின் பரீட்சை பற்றி விலாவாரியாகச் சொன்னார். மாடியில் வேலை பார்க்கிறவர்கள் இரண்டு பேர் படிக்கட்டில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டே, எப்போது முடியும் என்று எரிச்சலோடு கேட்டார்கள். மெக்கானிக் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே இறங்கினார். பார்த்து வைத்த கயிற்றை நேராகப் பிடித்தார், நினைத்து வைத்திருந்தபடி முறுக்கத் தொடங்கினார்.

கை நின்றுவிட்டது.

திரும்பி வந்தபோது அவர் எதையும் மறுபடி பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. சாவி பையில் இருக்கிறது. பூட்டிவிட்டுப் போனால் அவர் வரும்வரை இந்தக் குழிக்குள் ஒரு நூல்கூட அசையாது. டீக்குப் போவதற்கு முன் பார்த்ததுதான் டீக்குப் பிறகும் உண்மை. இத்தனை வருடமாக அது உண்மையாகவே இருந்திருக்கிறது. அதனால் அது கையில் ஊறிப்போன ஒன்று: முதலில் பார், பத்திரம் செய், பிறகு பார்த்ததை அப்படியே செய்.

போட்டியில் அன்றைக்கு அவர் செய்ததும் அதுதான். நெடுநேரம் பார்த்தார். சிப்பாயைத் தள்ளிப் பத்திரம் செய்தார். பிறகு, பார்த்து வைத்ததை அப்படியே செய்தார். பூட்டு மாட்டியாகிவிட்டது, ஆகவே எல்லாம் விட்டபடியே நிற்கிறது என்று கை நினைத்துக்கொண்டது. ஆனால் பலகையில் பூட்டு ஒருவருக்கு மட்டும்தான். அவர் பத்திரம் செய்த நேரத்தில் எதிராளி ஒரு காயை நகர்த்தியிருந்தார். அந்தக் காய் நகர்ந்ததை அவர் கண்ணால் பார்த்தார், சிரிக்கக்கூடச் செய்தார். ஆனால் கணக்கு பழைய பலகையின் கணக்கு.

இருட்டுக் குழிக்குள் கூண்டின் மேல் நின்றுகொண்டு மெக்கானிக் வாய்விட்டுச் சிரித்தார். மேலே காவலாளி எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணும் ஆகலைங்க. அதான் விஷயமே."

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் கூட்டம் வழக்கத்தை விட அதிகம். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் ஒரு நீள அறை, அதன் ஒரு சுவரில் காய்களை மாட்டித் தொங்கவிடுகிற பெரிய பலகை. மன்றத்தின் தலைவி மருந்துக்கடை நடத்துகிற அம்மா. மருந்துச் சீட்டைப் படிப்பதைப் போலவே ஆட்டங்களையும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், வேண்டியதை மட்டும் பேசுவார். அவர் தலையசைத்ததும் மெக்கானிக் ஆட்டத்தை நடத்திக்கொண்டே போனார். ஓரத்துச் சிப்பாய் வந்ததும் டிரைவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நிறுத்து. இங்கதான். இதான் தோத்த அடி."

"இல்லண்ணே. இது சரியான அடி."

அறையில் ஒரு சலசலப்பு.

"பாருங்கம்மா, பூட்டு பூட்டுக்கே வக்காலத்து வாங்குது!" என்றார் டிரைவர். "நான் வந்து ஆடிக் காட்டறேன். சிப்பாய் வேண்டாம். நேரா அடி."

"வாங்கண்ணே. நான் எதிராளி."

டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போனார். பிஷப்பால் வெட்டினார். குதிரையைப் பாய்ச்சினார். ராணியை ஓரத்தில் தொங்கவிட்டுவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார், ஸ்டாப்பிங்கில் பஸ்ஸைக் கொண்டுவந்து நிறுத்தியவரைப் போல. மெக்கானிக் யானையை எடுத்துக் கடைசி வரிசையில் மாட்டினார்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். ராஜாவைத் தொட்டார், விட்டார். ராணியைத் தொட்டார், விட்டார்.

"இந்த யானை எங்க இருந்து வந்துச்சு?"

"முதல்லேர்ந்து அங்கதான்ணே இருக்கு."

பின்வரிசையில் யாரோ விசில் அடித்தார்கள். டிரைவர் அதையும் சேர்த்துச் சிரித்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். "சரி, சரி. அப்ப எதுல தோத்த? அதைச் சொல்லு."

மெக்கானிக் விளிம்புக்கு வந்த பிஷப்பைக் காட்டினார், அதற்குத் தான் பாய்ந்ததைக் காட்டினார், அந்த பிஷப் உள்ளே வந்து உட்கார்ந்ததையும் காட்டினார். "இந்தப் பாய்ச்சல்தான் தப்பு."

"பிஷப் நகர்ந்ததைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் தலைவி.

"பார்த்தேம்மா."

"பார்த்தும் பாய்ஞ்சீங்க. ஏன்?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மெக்கானிக் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு லிப்ட் குழியையும், பூட்டையும், டீக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதையும் சொன்னார். பேசிப் பழக்கம் இல்லாத ஆள். அதனால் நடந்தது நடந்த வரிசையில் வந்தது. "என் வேலையில நான் பூட்டினா எதுவும் அசையாதும்மா. அந்தப் பழக்கத்துல, இங்கேயும் நான் விட்டுட்டுப் போனது அப்படியே நிக்கும்னு நினைச்சுட்டேன். சிப்பாயைத் தள்ளுறதுக்கு முன்னாடி போட்ட கணக்கைத்தான் பின்னாடியும் ஆடினேன். புதுசா ஒரு தடவை பாக்கல. போன வருஷ ஆட்டங்களையும் நேத்து எடுத்துப் பார்த்தேன். அதுலயும் ரெண்டு இப்படித்தான் போயிருக்கு. சிப்பாய் மேல பழியைப் போட்டுட்டேன் அப்பவும்."

 டிரைவர்தான் முதலில் பேசினார்.

"எனக்கு நேர் எதிர். ரோட்டுல எதுவும் நிக்காது. நான் சிக்னல்ல நின்னாலே பின்னாடி நாலு பேர் ஹாரன் அடிப்பான். அதான் போல, எங்கேயும் நின்னு பாக்கிற பழக்கமே எனக்கு வரல. யானை கண்ணுல பட்டாத்தானே!"

சிரிப்பு அடங்கியதும் தலைவி கம்ப்யூட்டரைப் போட்டார். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். நல்ல அடிகளின் வரிசையில் அது, மெக்கானிக்கின் யானையைத் திரும்பக் கடைசி வரிசைக்கு இழுப்பதை முதலாவதாகக் காட்டியது, ஓரத்துச் சிப்பாயை இரண்டாவதாக. நேராக அடித்தால் தோல்வி என்றது. விளிம்பு பிஷப்புக்குப் பிறகு பாய்ந்தாலும் தோல்வி என்றது. யானையை இழுக்கிற யோசனை மெக்கானிக்குக்கு ஒரு வாரமாகத் தோன்றவே இல்லை. அதையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் முதல் பலகை யாருன்னு பேசிடலாம்," என்றார் தலைவி. டிரைவர் வாயைத் திறந்தார். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுது. அந்தக் கல்லூரிக்காரர் இன்னும் சிப்பாயாலதான் ஜெயிச்சோம்னு நினைச்சுட்டு இருக்கார். இவர் பயந்த ஆள்னும் நினைச்சுட்டு இருக்கார். இவருக்கு எதால தோத்தோம்னு தெரியும், அவருக்கு எதால ஜெயிச்சோம்னு தெரியாது. இதை விட்டுட்டு நான் ஏன் ஆளை மாத்தணும்?"

டிரைவர் மோவாயைத் தேய்த்துக்கொண்டார். "நான் அதையேதான் சொல்ல வந்தேன்," என்றார். யாரும் நம்பவில்லை. ஆனாலும் அவர் சொன்னது மன்றத்தின் குறிப்பில் ஏறியது.

அணிப் போட்டி அன்று முதல் பலகையில் மெக்கானிக்கும் கல்லூரிக்காரரும் மறுபடி எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆட்டம் சிறிது சிறிதாக மெக்கானிக் பக்கம் சாய்ந்தது. ஒரு கட்டத்தில், எதிரியின் பக்கம் ஒரு ஓட்டை விழுந்திருப்பதைக் கண்டார். குதிரையைக் கொடுத்து உள்ளே புகுந்துவிடலாம். நெடுநேரம் பார்த்தார். முதலில் தன் ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கிப் பத்திரம் செய்துகொண்டார். அதைப் பார்த்ததும் கல்லூரிக்காரரின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. இரண்டாம் பலகையில் இருந்த டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கல்லூரிக்காரர் ராணியை ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்திக் கடிகாரத்தை அமுக்கினார்.

மெக்கானிக்கின் கை குதிரையை நோக்கிப் போனது. பாதி வழியில் அதைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டார். எழுந்தார். மேஜையைச் சுற்றி நடந்து போய், கல்லூரிக்காரரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் பக்கத்திலிருந்து பலகையைப் பார்த்தார். எல்லாக் காய்களும் இடம் மாறித் தெரிந்தன. ராணி எதற்காக அந்த ஒரு கட்டம் நகர்ந்தது என்று அங்கிருந்து தேடத் தொடங்கினார், அந்தப் பலகையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறவரைப் போல.